தண்டுவடக் காயத்துக்கு விபத்து இழப்பீடு: முதல் நாளிலிருந்து தொகை கைக்கு வரும்வரை

நான்குவழிச் சாலையில் ஒரு லாரி என் தம்பியின் பைக்கை இடித்துத் தள்ளியபோது அவனுக்கு 28 வயது. டி10 மட்டத்தில், அதாவது முதுகின் நெஞ்சுப் பகுதியில், தண்டுவடம் நசுங்கியது. அவன் வழக்கை முதலிலிருந்து இறுதிவரை நான்தான் கவனித்தேன். அதற்குப் பிறகும் பல குடும்பங்களோடு மருத்துவமனைக்கும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் போய்வருகிறேன். ஏறக்குறைய எல்லாரும் அதே இடங்களில்தான் இடறுகிறார்கள்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்துங்கள். இழப்பீடு ஒரே முறைதான். இறுதித் தீர்ப்பு வந்தபின், ‘படுக்கைப்புண் வந்துவிட்டது, சிறுநீரகம் கெட்டுவிட்டது, இன்னும் கொடுங்கள்’ என்று திரும்பிப் போக மோட்டார் வாகனச் சட்டத்தில் வழியில்லை. நாகப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. செலவோ ஆயுள் முழுக்க வரும். அதனால் கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் நாம் செய்வது ஒன்றுதான்: நாளை வரப்போகும் செலவை இன்றே தாளில் ஏற்றுவது.

இது தமிழ்நாட்டில் நடக்கும் சாலை விபத்துகளுக்கான வழிகாட்டி.

1. முதல் சில மணி நேரம்: தூக்கும் விதமும் பதிவேட்டில் ஏறும் வரியும்

கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரை உட்காரவைக்காதீர்கள். ஆட்டோவில் மடக்கித் திணிக்காதீர்கள். 108 வரும்வரை தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கட்டும். புரட்டியே ஆகவேண்டுமென்றால் மூன்று நான்கு பேர் சேர்ந்து மரக்கட்டையை உருட்டுவதுபோல் ஒரே அசைவில் புரட்ட வேண்டும். முறிந்த எலும்பு நகர்ந்து, பாதி பிழைத்திருக்கும் தண்டுவடத்தை முழுதாக நசுக்கிவிடக்கூடும்.

பணத்துக்கு அலைந்து நேரத்தை இழக்காதீர்கள். ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தின் உச்சவரம்புக்குள், கட்டணமின்றிக் கிடைக்கும். இத்திட்டத்தில் தனியார் மருத்துவமனைகளும் உண்டு. 2025இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 7 நாட்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய்க்குப் பணமில்லாச் சிகிச்சைக்கு இடமிருக்கிறது.

அடுத்தது பலரும் கவனிக்காத வரி. அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் எழுதும் முதல் வாக்கியத்தைத்தான் வழக்கில் எல்லாரும் தேடிப் படிப்பார்கள். என் தம்பியைத் தூக்கிவந்தவர்கள் பதற்றத்தில் ‘பைக்கிலிருந்து விழுந்துவிட்டார்’ என்று சொன்னார்கள். அப்படியே எழுதப்பட்டது. லாரி அந்த வரியில் இல்லை. குறுக்கு விசாரணையில் காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அரை நாள் நின்றார். ஆகவே கூடவே இருப்பவர் யாராக இருந்தாலும் மூன்று செய்திகளைச் சொல்லுங்கள்: எந்த வாகனம் இடித்தது, எந்த இடம், எத்தனை மணி. வாகன எண் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். நகலை அன்றே கேளுங்கள்.

2. காயத்தைப் புரிந்துகொள்வது: மட்டமும் முழுமையும்

முதுகெலும்பு வேறு, தண்டுவடம் வேறு. எலும்பு என்பது வீடு. அதற்குள் ஓடும் நரம்புக் கற்றைதான் தண்டுவடம். எலும்பு சில மாதங்களில் கூடிவிடும். தண்டுவடம் அப்படிக் கூடுவதில்லை. விடுவிப்பு அறிக்கையில் ‘எல்1 எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை செய்யப்பட்டது’ என்று மட்டும் இருந்தால், ‘எலும்பு கூடிவிட்டது, இனி என்ன குறை?’ என்ற வாதம் வரும். நரம்புப் பாதிப்பு தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வீடு திரும்புமுன் மருத்துவரிடம் கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள்.

மருத்துவர்கள் இரண்டு அளவுகளைக் குறிப்பார்கள். முதலாவது மட்டம். கழுத்தில் ‘சி’, நெஞ்சுப் பகுதியில் ‘டி’, இடுப்பில் ‘எல்’, அதற்குக் கீழே ‘எஸ்’. கழுத்தில் அடிபட்டால் கை, கால் நான்கும் பாதிக்கப்படும். சி4க்கு மேலே போனால் மூச்சே சிக்கலாகும். நெஞ்சுப் பகுதியில் என்றால் கைகள் தப்பும், கால்கள் செயலிழக்கும். தண்டுவடம் ஏறக்குறைய எல்1, எல்2 எலும்புகளுக்கிடையே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள் மட்டுமே.

இரண்டாவது, காயம் எவ்வளவு முழுமையானது என்பது. ‘ஏஷியா’ (அமெரிக்கத் தண்டுவடக் காயச் சங்கத்தின்) அளவுகோலில் ஏ முதல் இ வரை தரம் கொடுப்பார்கள். ‘ஏ’ என்றால் ஆசனவாயைச் சுற்றிய கடைசி நரம்புப் பகுதியில் உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. ‘பி’ என்றால் உணர்வு மட்டும். ‘சி’, ‘டி’ என்றால் ஓரளவு அசைவு. ‘இ’ என்றால் இயல்பு நிலை. இந்தத் தரம் எழுதப்பட்ட சோதனைத் தாளைக் கேட்டு வாங்குங்கள். ஊனத்தை அளக்கும் மருத்துவக் குழுவின் முன் நிற்கும் நாளில், ஒரு எம்ஆர்ஐ படத்தைவிட இது அதிகம் பேசும்.

காயத்துக்குப் பின் சில நாட்களோ வாரங்களோ தண்டுவட அதிர்ச்சி இருக்கும். அனிச்சைச் செயல்கள் அடங்கிப்போயிருக்கும். அந்தக் கட்டத்தில் இறுதி நிலையை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ‘ஒரு மாதத்தில் நடப்பார்’ என்பதையும் நம்பாதீர்கள், ‘இனி ஒன்றுமில்லை’ என்பதையும் நம்பாதீர்கள். அந்த நாட்களில் எந்தச் சமரசப் பேச்சிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

3. முதல் தகவல் அறிக்கை

விபத்து நடந்த எல்லைக்குரிய காவல் நிலையம்தான் வழக்கை விசாரிக்கும். மருத்துவமனை வேறு மாவட்டத்தில் இருந்தால் அங்கிருந்து தகவல் போகும். ஆனால் அது போய்ச் சேர்ந்ததா என்று நேரில் விசாரியுங்கள். தாமதமானால், ‘உயிரைக் காப்பாற்றும் ஓட்டத்தில் இருந்தோம்’ என்ற காரணம் புகாரிலேயே எழுதப்பட வேண்டும். அதைப் பின்னால் சொன்னால் எடுபடாது.

வாகன எண், திசை, எந்தப் பக்கமிருந்து இடித்தது, ஓட்டுநரின் வேகம் ஆகியவற்றைப் படித்துப் பார்த்தபின் கையெழுத்திடுங்கள். பிழை இருந்தால் கூடுதல் வாக்குமூலம் கொடுக்கலாம். நிலையத்தில் பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

தேவைப்படும் காவல்துறை ஆவணங்கள் இவை: முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர் (விபத்து இடத்தைப் பார்த்துக் காவல்துறை எழுதும் குறிப்பு), அந்த இடத்தின் மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, காயச் சான்றிதழ், குற்றப்பத்திரிகை. இடித்த வாகனத்தின் பதிவுச் சான்று, காப்பீட்டுச் சான்று, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் நகல்களும் வேண்டும். இவற்றில் மாதிரி வரைபடத்தை நீங்களே உற்றுப் பாருங்கள். உங்கள் வண்டி சாலையின் தவறான பக்கத்தில் வரையப்பட்டிருந்தால், பங்குத் தவறு, அதாவது தவறில் உங்களுக்கும் பங்குண்டு, என்று சொல்லித் தொகையில் ஒரு பகுதியைக் குறைத்துவிடுவார்கள்.

2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, காவல் துறை 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாட்களில் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பட்டும். ஆனால் அதை நம்பி நீங்கள் சும்மா இருக்கக் கூடாது. அந்த அறிக்கையில் உங்கள் டயப்பர் செலவும் அம்மாவின் தூக்கமில்லாத இரவுகளும் இருக்காது.

4. ஒரு கோப்பு, ஒரு நோட்டு

கோப்பு ரசீதுகளுக்கு. மருந்து, ஸ்கேன், ஆம்புலன்ஸ், இயன்முறை சிகிச்சை, தண்ணீர்ப் படுக்கை, சக்கர நாற்காலி என ஒவ்வொன்றும் தேதி வாரியாக இருக்க வேண்டும். வெப்பத்தாளில் அச்சான ரசீதுகள் ஓர் ஆண்டில் வெளுத்துப்போகும்; அன்றன்றே நகல் எடுங்கள்.

நோட்டு ரசீது இல்லாதவற்றுக்கு. யார் எத்தனை மணிக்குப் புரட்டிப் படுக்கவைத்தார்கள், ஒரு நாளைக்கு எத்தனை முறை குழாய் போட்டுச் சிறுநீர் எடுத்தார்கள், மலம் கழிக்க எவ்வளவு நேரம் ஆனது, மாதத்துக்கு எத்தனை குழாய், எத்தனை டயப்பர், எந்த ஊருக்கு எத்தனை முறை கார் வைத்துப் போனோம் என்று எழுதுங்கள். படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். குழாய் நாளைக்கு நான்கு முதல் ஆறு முறை. இதற்கெல்லாம் ஒரு மனிதர் முழு நேரமும் தேவை என்பதை அந்த நோட்டு சொல்லும். வாயால் சொன்னால் ‘வீட்டார்தானே பார்த்துக்கொள்கிறார்கள்’ என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடுவார்கள்.

வருமானத்துக்கும் இப்போதே சான்று சேருங்கள். சம்பளச் சீட்டு இருந்தால் எளிது. கொத்தனார், ஓட்டுநர், சிறுகடைக்காரர் என்றால் நல வாரிய அட்டை, வங்கிக் கணக்கு, கைபேசி வழி வந்த பணப் பதிவுகள், வேலை கொடுத்தவரின் சாட்சியம் ஆகியவற்றைத் திரட்டுங்கள். எதுவும் இல்லையென்றால் தீர்ப்பாயம் தானே ஒரு தொகையை உத்தேசமாக வைக்கும். அது பெரும்பாலும் உண்மை வருமானத்துக்குக் கீழேதான் இருக்கும்.

5. எந்தக் கதவைத் தட்டுவது

இடித்த வாகனம் தெரியும், தவறு அந்த ஓட்டுநருடையது என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 166. முழு இழப்பீட்டுக்கான வழி இதுதான்.

பிரிவு 164இல் யார் தவறு என்று பார்க்காமலே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால் 166இன் கீழ் போட்ட மனு செயலற்றுப்போகும். கடனில் தவிக்கும் குடும்பத்துக்கு அந்த 2.5 லட்சம் மலையாகத் தெரியும். ஆயுள் முழுக்கச் சக்கர நாற்காலியில் இருக்கப்போகும் ஒருவருக்கு அது சில ஆண்டுச் செலவுக்குக்கூடக் காணாது. தவறு எதிர்த்தரப்பில் இருக்கும்போது இதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இடித்த வண்டி நிற்காமல் போய் அடையாளமே தெரியவில்லை என்றால் பிரிவு 161. கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், விண்ணப்பம் வருவாய்த் துறை வழியாக. நீங்களே தடுமாறி விழுந்திருந்தால் 166 உதவாது. உங்கள் வண்டிக் காப்பீட்டில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு இருக்கிறதா என்று பாலிசியைப் பாருங்கள். வேலையில் இருக்கும்போது நடந்த விபத்து என்றால் பணியாளர் இழப்பீட்டு வழியும் உண்டு. ஆனால் பிரிவு 167இன்படி இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

அரசுப் பஸ் இடித்திருந்தால் எதிர்த்தரப்பு போக்குவரத்துக் கழகமே.

6. வக்கீலைத் தேர்ந்தெடுப்பது

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலிலேயே ஒருவர் வந்து நின்று, ‘கையெழுத்து மட்டும் போடுங்கள், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்பார். போடாதீர்கள். தீர்ப்புத் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுவதை இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகள் தடைசெய்கின்றன. கட்டணத்தை ரூபாயில், எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். வெற்று வக்காலத்து, வெற்று வங்கிப் படிவம் இரண்டிலும் கையெழுத்து வேண்டாம்.

பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 12 வழிசெய்கிறது. உதவி எண் 15100.

வக்கீலிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘எதிர்கால மருத்துவச் செலவையும் உதவியாளர் செலவையும் எப்படி நிரூபிப்பீர்கள்?’ பதிலில் தெளிவு இல்லையென்றால் வேறொருவரைப் பாருங்கள்.

7. மனுவை ஆறு மாதத்துக்குள் போடுங்கள்

2022 ஏப்ரல் 1 முதல் பிரிவு 166(3) விபத்து நாளிலிருந்து ஆறு மாத வரம்பு வைத்திருக்கிறது. இந்த வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது என்று சொல்லி யாராவது தாமதிக்கச் சொன்னால் கேட்காதீர்கள். அந்த வழக்கின் முடிவை நம்பி ஒரு வாழ்க்கையைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

இங்கே குடும்பங்கள் குழம்புவது ஒன்றில்தான்: ‘ஊனச் சதவீதம் தெரியாமல் எப்படி மனுப் போடுவது?’ போடலாம். மனு முதலில், சதவீதம் வழக்கு நடக்கும்போது வரும். உடல் நிலைப்படவே பல மாதங்கள் ஆகும். அதுவரை காத்திருந்தால் வரம்பு கடந்துவிடும்.

விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்லாமல் நீங்கள் வசிக்கும் ஊரிலும் மனுப் போடலாம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு வீட்டருகே உள்ள தீர்ப்பாயம் பெரிய ஆறுதல். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றமும், மற்ற ஊர்களில் மாவட்ட, சார்பு நீதிமன்றங்களும் இந்தத் தீர்ப்பாயமாகச் செயல்படுகின்றன. வாகன உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும்.

8. மருத்துவக் குழுவின் முன்: கூச்சத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்

தீர்ப்பாயம் அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழுவுக்கு அனுப்பிச் சான்று பெறும். அங்கே கால்கள் அசையவில்லை என்பதை எல்லாரும் பார்ப்பார்கள். பார்க்க முடியாதவற்றை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சிறுநீர், மலக் கட்டுப்பாடு இல்லாதது, பாலியல் செயல்பாடு இழந்தது, குழந்தை பெறுவதில் உள்ள சிக்கல், தீயில் சுடுவதுபோன்ற நரம்பு வலி, கால்கள் தாமாக வெட்டி இழுப்பது.

என் தம்பி இவற்றில் பாதியை அம்மா பக்கத்தில் இருந்ததால் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சொல்லாதது பதிவேட்டில் ஏறவில்லை. அதன்பின் நான் கூடப் போகும் குடும்பங்களில், உள்ளே போகுமுன் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுக்கச் சொல்கிறேன். எழுதிக் கொடுப்பது பேசுவதைவிட எளிது. இல்வாழ்வின் இழப்புக்கும் திருமண வாய்ப்பு இழப்புக்கும் சட்டத்தில் தனித் தலைப்பு இருக்கிறது. அதைக் கேட்பதில் வெட்கப்பட ஏதுமில்லை.

சிறுநீரகவியல் மருத்துவரின் அறிக்கையையும், மறுவாழ்வு மருத்துவரின் எதிர்காலத் தேவைப் பட்டியலையும் கையில் கொண்டுபோங்கள். வேலூர் சிஎம்சியின் மறுவாழ்வு மையம், சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் போன்ற இடங்களில் இதைப் புரிந்து எழுதித்தரக்கூடிய மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

9. கணக்கு: எங்கே பணம் நழுவுகிறது

உடல் ஊனம் வேறு, வருமானம் ஈட்டும் திறனின் இழப்பு வேறு. 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. சான்றில் 75 சதவீதம் என்று இருக்கலாம். ஆனால் சாரத்தில் ஏறி வேலை செய்யும் கொத்தனாருக்கு இரண்டு கால்களும் போனால் அவர் தொழிலைப் பொறுத்தவரை இழப்பு 100 சதவீதம். இந்த வாதத்தை வைக்காவிட்டால் தீர்ப்பாயம் சான்றில் உள்ள எண்ணையே எடுத்துக்கொள்ளலாம்.

28 வயதுக் கொத்தனார், மாத வருமானம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சுயதொழில், 40 வயதுக்குக் கீழே. ஆகவே பிரணய் சேதி தீர்ப்பின்படி (2017) எதிர்கால வளர்ச்சிக்கு 40 சதவீதம் கூட்டினால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. சர்லா வர்மா தீர்ப்பின் (2009) அட்டவணையில் 26 முதல் 30 வயதுக்குப் பெருக்கி (ஆண்டு இழப்பைப் பெருக்க வேண்டிய எண்) 17. மொத்தம் 42,84,000. காயமடைந்தவர் உயிரோடு இருப்பதால், இறப்பு வழக்குகளில் செய்வதுபோல் சொந்தச் செலவென்று எதையும் கழிக்கக் கூடாது. இதே கணக்கில் 75 சதவீதம் வைத்தால் 32,13,000தான் வரும். ஒரே ஒரு வாதத்தை விட்டதற்கு விலை 10,71,000 ரூபாய்.

பெருக்கி வயதோடு குறையும்: 31 முதல் 35க்கு 16, 36 முதல் 40க்கு 15, 41 முதல் 45க்கு 14, 46 முதல் 50க்கு 13.

அடுத்து உதவியாளர் செலவு. இதற்கு மொத்தமாக ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று கொடுப்பது பழைய பழக்கம். 2020இல் முழு ஊனமடைந்த ஒரு சிறுமியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கும் பெருக்கி முறையையே பயன்படுத்தியது: இரண்டு உதவியாளர்களுக்கு மாதம் 10,000, ஆண்டுக்கு 1,20,000, பெருக்கி 18, மொத்தம் 21,60,000. நம் கொத்தனாருக்கு அதே மாதத் தொகை என்றால் 17ஆல் பெருக்கி 20,40,000. மனைவியோ தாயோ பார்த்துக்கொண்டாலும் இதைக் கேளுங்கள். அவர்கள் விட்டுவந்த கூலி வேலைக்கும் விலை உண்டு.

இவற்றோடு சேர்க்க வேண்டியவை: இதுவரையான மருத்துவச் செலவு, எதிர்காலச் செலவு, சிகிச்சைக் கால வருமான இழப்பு, போக்குவரத்து, சத்துணவு, வலியும் வேதனையும், வாழ்வின் வசதிகள் இழப்பு. எதிர்காலச் செலவில் அடிக்கடி விடுபடுவது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய சக்கர நாற்காலியும், வீட்டுச் சாய்தளம், கழிப்பறை மாற்றமும். இந்த வீட்டு வேலைக்கு ஒரு கொத்தனார் எழுதித்தரும் மதிப்பீட்டுச் சீட்டு இருந்தால்கூடப் போதும், இணையுங்கள்.

மனுவில் கேட்டதைவிடக் கூடுதலாகவும் தீர்ப்பாயம் கொடுக்கலாம். அதற்காகக் குறைத்துக் கேட்காதீர்கள்.

10. சாட்சியம், சமரசம், மேல்முறையீடு

காயமடைந்தவரே முதல் சாட்சி. நீதிமன்றத்துக்கு வர இயலாதவர் என்றால் நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையரை வீட்டுக்கு அனுப்பிச் சாட்சியம் பதியச் சொல்லி மனுக் கொடுக்கலாம்.

லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) வழக்கு விரைவில் முடியும். அங்கே ஒப்புக்கொண்டதற்கு மேல்முறையீடு கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஊனச் சான்று வந்து, ஒன்பதாம் படியின் கணக்கை நீங்களே போட்டுப் பார்த்தபிறகு மட்டும் போய் அமருங்கள். கணக்கு கையில் இல்லாதவர்தான் முதலில் சொல்லப்படும் தொகைக்குத் தலையாட்டுகிறார்.

தீர்ப்புத் தொகை குறைவென்றால் 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். தென்மாவட்டத்தினர் மதுரைக் கிளையில்.

11. தொகை வந்தபின்

தீர்ப்பாயம் தொகையோடு மனு நாளிலிருந்து வட்டியும் கொடுக்கும். கட்டாமல் இழுத்தடித்தால் நிறைவேற்று மனுப் போட வேண்டும். போக்குவரத்துக் கழக வழக்குகளில் பஸ் ஜப்தி வரை போவதை நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள்.

தொகையின் ஒரு பகுதியைத் தீர்ப்பாயம் வங்கியில் நிரந்தர வைப்பாக வைக்கச் சொல்லக்கூடும். கோபப்படாதீர்கள், உறவுக்காரர்களின் கடன் கோரிக்கைகளிலிருந்து பணத்தைக் காப்பது அந்த வைப்புதான். மாத வட்டி கணக்குக்கு வரும்படி கேளுங்கள். அறுவை சிகிச்சைக்கோ வீட்டுச் சாய்தளத்துக்கோ இடையில் பணம் தேவைப்பட்டால், செலவு மதிப்பீட்டை இணைத்து மனுக் கொடுத்தால் முன்கூட்டி எடுக்க அனுமதி கிடைக்கும்.

வழக்கு எந்த நிலையில் இருந்தாலும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகையும் பேட்டரி சக்கர நாற்காலியும் அங்கிருந்துதான் வரும். தீர்ப்புக்காக அவை காத்திருப்பதில்லை.